பட்டியலில் இல்லாத குழாய்

எழுபதுகளின் கடைசியில் நான் மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தேன். வீடு திருத்தணியில். காலையில் அரக்கோணம் போய் மெட்ராஸ் ரயில் மாறினால், பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம். கணவர் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிகளைப் பழுது பார்ப்பவர். ஏழு வயதில் ஒரு மகள்.

பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் பேசத் தொடங்கியிருந்த சமயம் அது. ஆனால் வெளிநாட்டில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்தே கிருமி வெளியேறி ஒருவர் இறந்துபோனார் என்றார்கள். அதையடுத்து எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பெரியம்மைக் கிருமி இருந்தால் அழித்துவிட வேண்டும். இல்லை என்றால் இல்லை என்று எழுதித் தர வேண்டும். அதைக் கையாண்ட ஊழியருக்கு ஜுரம் கண்டால் உடனே தெரிவிக்க வேண்டும்.

எங்கள் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் எங்கள் அதிகாரி, உறைபெட்டிகளை ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார். மிகப் பழைய பெட்டியில் பனியைத் தட்டியபோது அடியில் ஒரு கண்ணாடிக் குழாய் கிடைத்தது. ஒட்டியிருந்த தாளில் மை கரைந்து, ‘வி’ என்ற ஆங்கில எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. பெரியம்மைக் கிருமியின் ஆங்கிலப் பெயரும் அந்த எழுத்தில்தான் தொடங்கும். தடுப்பூசிக் கிருமியின் பெயரும் அப்படியே. குழாயின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். முன்பே இருந்ததா, நான் தட்டியதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அதிகாரி குழாயை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். சட்டம் எதுவும் கிடையாது, இருப்பது சுற்றறிக்கைதான் என்றார். உள்ளே என்ன என்று கண்டுபிடிக்க அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். வளர்க்காமல் அழிக்க வேண்டும் என்பதுதான் சுற்றறிக்கை. கடைசியில் அதை நீராவிக் கலத்தில் போட்டுக் கொன்றோம். எங்களிடம் எதுவும் இல்லை என்று அவர் எழுதினார்; நான் சாட்சியாகக் கையெழுத்திட்டேன். அன்று மாலை அது உண்மைதான்.

பன்னிரண்டாம் நாள் நான் வீடு திரும்பியபோது கணவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

“பாப்பாவுக்கு ஜுரம் அடிச்சிகினு இருக்குது. முதுகெல்லாம் கொப்புளம்.”

பக்கத்து வீட்டு அம்மாள் அதற்குள் நிலையில் வேப்பிலை செருகிவிட்டிருந்தார். பெரியம்மைக் கிருமி உடம்பில் புகுந்து ஜுரமாக வெளிப்பட ஆகும் கணக்கு பன்னிரண்டு நாள் என்று அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வருடந்தோறும் அம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டவள். மகளுக்கு ஒரு வயதில் போட்டது ஒன்றுதான். இவ்வளவு நாளும் நெரிசலான ரயிலில் போய்வந்திருக்கிறேன். சுற்றறிக்கையோ ஊழியரின் ஜுரத்தைப் பற்றித்தான் சொல்கிறது. ஊழியரின் குழந்தையைப் பற்றி ஒரு வரி கிடையாது. நான் தெரிவிக்க வேண்டியவளா, இல்லையா? தெரிவித்து, ஒன்றுமில்லை என்றாகிவிட்டால்? தெரிவிக்காமல் விட்டு, அதுவாகவே இருந்தால்? கணவரிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தபால் ஆபீசிலிருந்து அதிகாரிக்கு டிரங்க் கால் போட்டேன்.

“உங்களுக்கு ஜுரம் இருக்கா?”

“எனக்கு இல்ல சார்.”

“அப்போ சுற்றறிக்கையில வராதும்மா.” பிறகு குரல் இறங்கியது. “முகத்துல அதிகமா, முதுகுலயா?”

பெரியம்மை முகத்தில்தான் அதிகம் வரும். முதுகில்தான் என்றேன். ஆனால் வீடு திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் முகத்திலும் கூடிக்கொண்டே போவதாக எனக்குத் தோன்றியது.

அன்று பிற்பகலே அவர் ரயிலேறி வந்தார். மகளின் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; பெரியம்மை என்றால் அங்கும் கொப்புளம் வரும். அவள் பயந்துபோய், “நைனா, இவரு ஊசி போடுவாரா?” என்று அப்பாவைக் கேட்டாள். இல்லை என்று அதிகாரியே சொன்னார். சின்னம்மை போலத்தான் தெரிகிறது என்றார். ‘போல’ என்ற சொல் என்னை உலுக்கியது. கொப்புளத்தில் கொஞ்சம் நீர் எடுத்துச் சோதித்துவிடலாமே என்றேன்.

“அதுவா இருந்தா, எடுத்துக்கினு போய் எங்கேம்மா வெக்கறது? நம்மகிட்ட எதுவும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டோமே” என்றார்.

கணவருக்கு எதுவும் விளங்கவில்லை. அதிகாரி போன பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“அந்தக் குழாய்ல இன்னாதான் இருந்துச்சி?”

“தெரியாதுங்க.”

கொப்புளங்கள் நாலைந்து நாளில் வாடி, பிறகு உதிர்ந்தன. உள்ளங்கையில் ஒன்றுகூட வரவில்லை. சின்னம்மையேதான். மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு நான் வேலைக்குத் திரும்பினேன்.

அலுவலக எழுத்தர் விடுப்பு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வீட்டில் பெரியம்மை என்றால் தனி விடுப்பு உண்டு, சின்னம்மைக்குக் கிடையாது. ஆனால் அது பெரியம்மையோ என்று சந்தேகம் இருந்திருந்தால் கொடுக்கலாமாம்.

“சந்தேகம் இருந்துச்சாம்மா?” என்று பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். இருந்தது என்றால், எங்களிடம் எதுவும் இல்லை என்று நாங்கள் எழுதித் தந்தது என்னாவது? எது பொய், எது உண்மை என்று எனக்குப் பிடிபடவில்லை. சொந்த விடுப்பிலேயே கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் மேசைக்குப் போனேன்.