மேடத்தின் காலர் மைக்

அந்தக் காலர் மைக்கின் கிளிப்பில் பச்சை நூலிழை ஒன்று சிக்கியிருந்தது. எங்கள் தாவரவியல் துறைத்தலைவி மேடத்தின் பருத்திச் சேலை இழை. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கல்லூரிக்குப் புதிதாக வந்த முதல்வர், பாடங்களையெல்லாம் வீடியோவாக்கிக் கல்லூரிச் செயலியில் ஏற்ற வேண்டும் என்றார். பலர் ஒப்புக்குப் பேசி முடித்தார்கள். மேடத்துக்கு ஒப்புக்குச் செய்யத் தெரியாது. திராட்சைத் தோட்டத்துப் பிள்ளைகள் நோய் கண்ட இலையைப் பறித்துக்கொண்டுதான் வகுப்புக்கு வருவார்கள். அதைத் திருப்பிப் பார்த்த பிறகே மேடம் பாடம் தொடங்குவார். பதிவிலும் அப்படியே இலையைக் காமிராவுக்கு நேரே பிடித்து, "அடிப்பக்கத்தப் பாருங்கடா" என்றார். பிள்ளைகள் என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்து, அதையும் தானே கேட்டு, சற்று நிறுத்தி, பதிலும் சொன்னார். அதே துறையில் ஆசிரியையான நான் கைக்குழந்தையோடு திணறிய காலம் அது. "நீ புள்ளையப் பாரு ஆத்தா, ஒன் பாடத்தையும் நானே பேசிர்றேன்" என்றார்.

பதிவு முடிந்ததும் முதல்வர் விழா வைத்துப் பொன்னாடை போர்த்தினார். "இனி மேடத்துக்கு ஓய்வே கெடையாது. நாம போகச் சொன்னாலும் போக மாட்டாக, இங்கனயேதான் இருப்பாக" என்றார். அரங்கமே சிரித்தது, மேடமும் சிரித்தார். அடுத்த வாரமே அவரை அழைத்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றார். "சந்தேகத்துக்கும் சேத்துப் பதில் சொல்லிட்டீகளே மேடம், பெறகு எதுக்குச் சிரமம்?" என்று கேட்டாராம். வீடியோவைப் போட்டுவிட ஓர் ஆள் வேண்டுமே. சம்பளம் குறைந்தவள் என்பதால் நான் மிஞ்சினேன்.

இன்றும் பிள்ளைகள் இலையோடு வருகிறார்கள். வீடியோவை இடையில் நிறுத்தக்கூடாது என்பது உத்தரவு. போன வாரம் ஒருத்தி எழுந்துபோய், திரையிலிருந்த மேடத்தின் மூக்குக்கு நேரே இலையை நீட்டினாள். "மேடம், எங்க தோட்டம் பூராம் இப்பிடி ஆயிருச்சு. கண்ணு தெரியலையா?" வகுப்பு குலுங்கிச் சிரித்தது. மேடம் புன்னகையோடு, "வேற சந்தேகம் இருக்கா?" என்று கேட்டு, சற்று நிறுத்தி, வேறெதற்கோ பதில் சொன்னார். அவள் இலையை என் மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

நேற்று முதல்வர், பாடத்திட்டத்தில் புதிதாக வந்திருக்கும் பாடத்தை என்னையே பதிவு செய்யச் சொன்னார். பழனிசெட்டிபட்டியில் வீட்டோடு இருக்கும் மேடத்துக்குப் போன் செய்தேன். "எல்லாத்தையும் சொல்லிராத ஆத்தா, கொஞ்சம் கையில வச்சுக்க" என்றார். சரியென்றுதான் பட்டது. ஆனால் பாதியை மறைத்தால் பிள்ளைகளுக்குத் துரோகம். முழுதும் சொன்னால் என் மகளுக்கு.

இன்று காலை கிளிப்பிலிருந்த பச்சை இழையைப் பிடுங்கிப் பார்த்தேன். வரவில்லை. அதோடேயே மைக்கை என் சேலையில் மாட்டிக்கொண்டு, வாடிப்போன அந்த இலையைக் காமிராவுக்கு நேரே பிடித்தேன். பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று யோசித்தேன். அதையும் நானே கேட்டு, சற்று நிறுத்தி, பதிலும் சொன்னேன்.