இல்லாத கட்டடத்தைத் திருத்த முடியாதாம்

திட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டுகிறது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். நடுவில் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலைக்கு ஓடுவார்கள்.

எங்கள் மடுவம் பழசுதான். மழை பெய்தால் மூலையில் ஒழுகும், தொட்டில்களை நகர்த்திக்கொள்வேன். அதற்குப் பதிலாகப் புதுக் கட்டடம் வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டு பதுளையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையாகப் பேசுவார்.

"முதல்ல பழசை உடைச்சு இடத்தை வெறுமையாக்கித் தாங்கோ. அப்பத்தான் கொந்தராத்துக்காரரிட்டை ஒப்படைக்கலாம்" என்றார்.

எங்கள் சனத்துக்குக் கூலியில்லாமல் கூடிச் செய்யும் சிரமதானம் என்றால் திருவிழா மாதிரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆண்கள் அலவாங்கோடு வந்துவிட்டார்கள். புதுச்சுவர் எழும்புமுன் பழைய சுவரை வேறு எவனாவது இடிப்பானா? நாங்கள் இடித்தோம். பிளேன் டீ குடித்து, கேலி பேசிச் சிரித்துக்கொண்டே இடித்தோம். சாயங்காலம் அங்கே வெறும் தரைதான் இருந்தது.

கட்டும் வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்த கொந்தராத்துக்காரர் வந்து பெயர்ப்பலகை நட்டார். ஒரு லொறி மணல் கொட்டினார். சீமெந்து விலை ஏறிவிட்டது, பழைய விலைக்குக் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. வேறு ஆளைப் பிடிக்க மறுபடி கேள்விமனு கோருவதற்குள் வருடம் முடிந்து, காசும் திரும்பிப் போய்விட்டதாம். மணலை மழை கொண்டுபோனது. பலகை மட்டும் பளபளவென்று நிற்கிறது. அதில் கட்டடத்தின் படம் வேறு, வாசலில் பூச்செடியோடு!

இப்போது பிள்ளைகளைக் கீழே தொழிற்சாலைப் பக்கத்துப் பழைய உரக் களஞ்சியத்தில் வைத்துப் பார்க்கிறேன். எத்தனை முறை கழுவினாலும் நாற்றம் போவதில்லை. மலையிலிருந்து அங்கே இறங்கி வந்து பால் கொடுத்துத் திரும்ப நெடுநேரமாகும். எங்கள் லயக் குடியிருப்புப் பெண் ஒருத்திக்கு எட்டு மாதக் குழந்தை. வந்து போனால் அவளுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலிதான். வராவிட்டால் பிள்ளை கத்தும். இவளுக்கு மார் கட்டிக்கொள்ளும்.

"உள்ளதும் போச்சுடா நொள்ளக்கண்ணாங்கிற கதையாப் போச்சுக்கா" என்றாள் ஒருநாள்.

போன மாதம் அதே அதிகாரி மறுபடி வந்தார். வேறு காசு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அவள் கொழுந்துக்கூடையோடே ஓடி வந்தாள். அவர் வெறும் தரையைச் சுற்றிப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"இது திருத்த வேலைக்கு வந்த காசு. இஞ்ச கட்டடமே இல்லையே, எதைத் திருத்திறது?"

"நீங்கதானுங்களே ஐயா ஒடைக்கச் சொன்னீங்க?" என்றேன்.

"அது வேற திட்டம், அம்மா."

கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று முகத்தைப் பார்த்தேன். சப்பாத்துச் சேற்றைப் பலகையின் காலில் தேய்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்த இடத்திலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது எனக்கு.

"அரைப்பேர வச்சு எப்புடிக்கா மாசத்த ஓட்டுறது?" என்று மட்டும் கேட்டாள் அவள்.

மறுநாள் காலை கற்றாழை மடலோடு களஞ்சியத்துக்கு வந்தாள். பாலை மறக்கடித்துவிட்டால் முழுநாளும் மலையில் நிற்கலாம் அல்லவா? அந்தக் கசப்புச் சாற்றை மார்பில் தடவிக்கொண்டு பிள்ளையை மடியில் போட்டாள். பிள்ளை வாய் வைத்தது, முகத்தைச் சுளித்தது, வீரிட்டு அழுதது. பிறகு தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் வாய் வைத்தது.