உயிரோடு இருந்தபோது என்ன நிறம்

அண்ணனூருக்குச் சற்று முன்னால் மின்சார ரயில் நின்றுவிட்டது. வெளியே ஷெட்டில் காலி வண்டிகள் காற்று வாங்கின. உள்ளே பெண்கள் பெட்டியில் காற்றும் எங்களோடு மாட்டிக்கொண்டிருந்தது. எதிரில் ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண், வெயிலில் கறுத்த முகம். மடியில் கண்ணாடிப் புட்டி, அதற்குள் வெளிறிய ஒரு கட்டி. ஏறியதிலிருந்து எங்கள் புடவைகளையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா, என் பொடவையில இன்னா கீது?" என்றாள் என் பக்கத்தில் இருந்த பூக்காரி.

"இந்தப் புட்டியில இருக்கறது கடல் பஞ்சுக்கா, பாறையில ஒட்டி வாழுற உயிர். முட்டியளவு தண்ணியில கெடைச்சது. புது இனம். உயிரோட இருந்தப்ப என்ன நிறம்னு எழுதினாத்தான் ஏத்துக்குவாங்க. ஸ்பிரிட்ல போட்டதும் வெளுத்துடுச்சு. படம் எடுத்த போன் தண்ணியில போச்சு. பாத்தது நான் ஒருத்திதான்."

"இன்னா நெறம்?"

"செவப்பு. ஆனா எந்தச் செவப்பு? ஒவ்வொரு பொடவையப் பாக்கறப்பவும் ஞாபகத்துல அது கொஞ்சம் மாறிடுதுக்கா."

சொல்லிவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"கண்ண மூடிக்கினா வண்டி கெளம்பிடுமா?" என்றாள் பூக்காரி. பெட்டியே சிரித்தது. அவள் திறக்கவில்லை.

ஆவடி வந்ததும் தரையை மட்டும் பார்த்தபடி இறங்கிப் போனாள்.

கண்ணை மூடுமுன் அவள் கடைசியாகப் பார்த்தது என் செங்கல் நிறப் புடவையை. நான் பார்த்தேயிராத அந்த உயிரின்மேல் அந்த நிறம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று, புடவையை மடித்து வைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.