தாய்மாமன் கிருபாகரன்

அண்ணனூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன் கிருபாகரன். மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலை. பத்தொன்பது வயதில் அப்பா அம்மா இருவரையும் ஒரே வருடத்தில் பறிகொடுத்து, எட்டு வயதுத் தங்கை நிஷாவைத் தனியாளாக வளர்த்தவன். அவளுக்குத் தலை பின்னிவிட என்னிடம்தான் கற்றுக்கொண்டான். அவள் பெரியவளான அன்று, என்ன செய்வதென்று தெரியாமல் என் வாசலில் வந்து திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான்.

நிஷாவை வெள்ளானூரில் கட்டிக்கொடுத்த பிறகு, சொந்தக்காரர்கள் அவனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். அப்போதுதான் எல்லோரையும் கூடத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்.

"எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வர்ல. நானும் செல்வகுமாரும் ஒண்ணா வாழ்ந்துகினு கீறோம். ஒரு பொண்ணு வாழ்க்கையக் கெடுக்க எனக்கு மனசு இல்ல."

செல்வகுமார் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஆறு வருடமாக, வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்வானேன், இரண்டு வாரம் நானும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அவர்களால் எனக்கென்ன நஷ்டம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வெட்கமாக இருந்தது. மூன்றாவது வாரம் மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தெரு அவ்வளவு சீக்கிரம் இறங்கி வரவில்லை. மின்விசிறி ஓடவில்லை என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுக்க மட்டும் யோசிப்பார்கள். இது குற்றமில்லை என்று கோர்ட் சொல்லி வருடக்கணக்காகிறது. எங்கள் தெருவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. "எப்படி இருந்தாலும் நீ என் அண்ணன்" என்று நிஷா ஒருத்திதான் சொன்னாள். அதை அவன் என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

போன மாதம் நிஷாவின் மகளுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். கிருபாகரன் ஒரு வாரம் முன்பே பட்டுப்பாவாடையும் கம்மலும் வாங்கி வைத்துவிட்டான். செல்வகுமார் வந்தால் வீண் பேச்சு வருமென்று அவரை வீட்டில் விட்டுவிட்டு, துணைக்கு என்னை அழைத்துப் போனான்.

கோயில் வாசலிலேயே நிஷா வந்து மறித்தாள்.

"அண்ணா, உன் மடியில வேணாம்னு என் மாமியார் சொல்றாங்க. பெரியப்பா பையன் கோவிந்தராஜ் மடியில வெச்சிக்கலாமாம். நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல."

அவன் சீர்த்தட்டை ஏந்தியபடி அப்படியே நின்றுவிட்டான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மாமியார் ராஜம்மாவைத் தேடிப் போனேன். அந்தக் காலத்தில் வெள்ளானூர் வயல்களில் நாற்று நட்டவர், இப்போது ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். பந்திக்கு வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தார்.

"வளர்த்தவன் மடி உங்களுக்கு ஆகாதா?" என்று நேராகவே கேட்டேன்.

அவர் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"நா இன்னாத்துக்கும்மா வேணாங்கப் போறேன்? தாய்மாமன் உசுரோட கீறப்போ வேற எவன் மடில ஒக்கார வெக்கிறது? நிஷாதான் மூணு நாளா அழுதுகினு கீறா. 'எங்கண்ணன் மடில வெச்சா நாளைக்கு என் பொண்ணயும் ஊரு பேசும். நீங்க வேணாம்னதா சொல்லிக்கிறேன் அத்தே'ன்னு காலப் புடிச்சிகினா. கெட்ட பேரு எனக்கு இன்னா புச்சா? சொல்லிக்கோன்னுட்டேன்."

மாமியாரைத் திட்டத் தயாராக வந்தவளுக்கு, நிஷாவைத் திட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

பத்தர் ஊசியை எடுத்துக்கொண்டு, "தாய்மாமன் வந்து ஒக்காருங்க" என்று கூப்பிட்டார். கோவிந்தராஜ் போய் உட்கார்ந்தார். குழந்தை கூட்டத்தில் கிருபாகரனைக் கண்டுபிடித்து, "மாமா" என்று இரண்டு கையையும் நீட்டியது. நிஷா அதன் முகத்தைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள். ஊசி இறங்கியது.

நான் திரும்பி வந்தபோது கிருபாகரன் தூணோரம் நின்றிருந்தான். "அந்தம்மா இன்னா சொன்னாங்கக்கா?" என்று கேட்டான். உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலேயே வந்த ராஜம்மா முந்திக்கொண்டார்.

"நாந்தான் வேணாம்னேன். எனக்கு மனசு ஒப்பல. தப்பா எடுத்துக்காத நைனா."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அதற்குள் நிஷா அழுதுகொண்டே ஓடிவந்து அவன் தோளில் சாய்ந்தாள். தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, தன் கைக்குட்டையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான்.

"நீ இன்னாத்துக்கு அழுவுற? அவங்க அந்தக் காலத்து ஆளுங்க, அப்டித்தான் இருப்பாங்க. நீ ஒருத்தி என் பக்கம் கீற. எனக்கு அது போதும்" என்றான்.