டாக்டருக்குப் பின்னால் ஒரு கருவாட்டுக் கூடை

நொச்சிக்குப்பம் முத்தம்மா பள்ளிக்கூடத்தில் கால் வைத்தவரில்லை. ஆனாலும் 1972-இல் சென்னையின் ஓர் இதய நிபுணருக்கு மூன்று மாதம் வைத்தியம் பார்த்தவர் அவர்தான். மருந்து, ஒரு கூடைக் கருவாடு. எந்த மருத்துவப் பத்திரிகையும் இதை இன்றுவரை வெளியிடாதது வருந்தத்தக்கது.

முத்தம்மா சாலையோரம் மீன் விற்பவர். அந்த வைத்தியத்துக்கு நான்கு வருடம் முன்பு, கூடையைத் தலையில் ஏற்றிப் பத்தடி நடந்தால் மூச்சு முட்டும். காற்றுச் சேட்டை என்றது குப்பம். வாயு என்றது மருந்துக்கடை. மயிலாப்பூர் டாக்டர் சுப்பராமன் மட்டும் கால்மணி நேரம் மார்பில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "இதயத்துல ஒரு கதவு சரியாத் தொறக்க மாட்டேங்கறது" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்து, அன்று தானே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு திறந்தது. அன்றிலிருந்து முத்தம்மா மீன் கூவினால் அடையாறு வரை கேட்கிறது.

இப்படிக் கதவு திறக்கப்பட்டவர்கள் நகரில் ஆயிரம் பேர். டாக்டருக்கு அதுதான் வினையாயிற்று.

ஒருநாள் முத்தம்மா மாதாந்திரப் பரிசோதனைக்குப் போயிருந்தார். மாடிப்படி ஏறி வந்த டாக்டர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இன்னா சார், உனுக்கே இப்டி வாங்குது?"

"என் சிநேகிதர் ஒருத்தர், அவரும் ஹார்ட் டாக்டர்தான், என்னைப் பார்த்தார். தினம் அரைமணி நிக்காம நடக்கணுமாம். மூணு மாசத்துல சரியாகலேன்னா கிளினிக்கை மூடிட்டுப் படுத்துக்கோங்கறார்."

"நடக்கறதுதான?"

"பீச்சுக்குப் போறேனே! நடக்க விட்டாத்தானே?"

மறுநாள் விடிந்ததும் முத்தம்மா கடற்கரைக்குப் போய்ப் பார்த்தார். டாக்டரின் உத்தரவுப்படி அவருடைய நோயாளிகள் அத்தனை பேரும் அங்கேதான் நடந்துகொண்டிருந்தார்கள். டாக்டரைக் கண்டதும் நடப்பதை விட்டுவிட்டு நன்றி சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு தம்பதி மணலிலேயே விழுந்து நமஸ்கரித்தார்கள். தூக்கிவிடவும் டாக்டர்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது. மந்தைவெளியிலிருந்து வந்த ரிடையர்டு தாசில்தார், முந்தின நாள் சாப்பிட்டதை இட்லி இட்லியாக ஒப்பித்தார். அரைமணியில் டாக்டர் கடந்த தூரம் அறுபது அடி.

அதற்கு அடுத்த நாள், டாக்டருக்குப் பத்தடி பின்னால் முத்தம்மா வந்தார். தலையில் மூடாத கருவாட்டுக் கூடை.

மயிலாப்பூரின் நன்றியுணர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. காற்றடிக்கும் நாளில் அது முப்பது கஜம். கும்பிட வந்த கைகள் மூக்குக்குப் போயின. தாசில்தார் இரண்டாவது இட்லியிலேயே விடைபெற்றார். டாக்டரும் சுத்த சைவம். கூடையிடமிருந்து தப்பிக்க அவருக்கு வேகமாக நடப்பதைத் தவிர வழியில்லை.

எட்டாம் நாள் சோதனை வந்தது, தி. நகர் ஜவுளிக்கடை அய்யாதுரை உருவத்தில். அவர் தெற்கத்திக்காரர். கருவாட்டு வாசனைக்கு ஓடுவதற்குப் பதில், அதைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"டாக்டர் அய்யா, நில்லுங்க! நாடிய மட்டும் ஒருதரம் தொட்டுப் பாத்திருங்க!" என்று வழியை மறித்தார். மறித்தவர் கண் கூடைக்குப் போயிற்று. டாக்டரை விட்டுவிட்டு முத்தம்மா பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நெத்திலியா? என்ன வெல?"

அய்யாதுரையின் ரத்தக் கொதிப்புக்குக் கருவாடு ஆகவே ஆகாது என்று டாக்டர் மூன்று முறை எச்சரித்திருந்தார். மூன்று முறையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர் முத்தம்மா.

"சார்! இந்த அண்ணாச்சி நெத்திலி வெல கேக்குறாரு! குடுத்துரவா?"

டாக்டர் திரும்புவதற்குள் அய்யாதுரை, "வீட்டுப் பூனைக்கும்மா..." என்று முனகியபடி காந்தி சிலையைத் தாண்டியிருந்தார். அவருடைய இதயத்துக்கும் அன்றுதான் முதல் முறையாக முழுப் பயிற்சி கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து டாக்டரைச் சோதித்த சிநேகிதர், காதிலிருந்து குழாயை எடுத்தார்.

"பேஷ்! குதிரை மாதிரி ஓடறது. ஆமா, உன் சட்டையில அது என்னடா வாசனை?"

மறுநாள் காலை டாக்டர் நடுவழியில் நின்றார். திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"முத்தம்மா, நீ பண்ணினதுக்கு நான் எப்படி..."

"அய்ய, நீயும் ஆரமிச்சிட்டியா? நிக்காத சார், நட!"

கூடை நெருங்கி வந்தது. டாக்டர் நடந்தார்.