பிளக் மேல் சந்தனம்

ஆயுத பூஜை முடிந்த மறுநாளிலிருந்து எங்கள் பிக்கப் வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது. நின்ற இடத்திலேயே உதறும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இருமும், சைலன்சரில் டப்பென்று வெடிக்கும். என்னைவிட வயதான பெட்ரோல் வண்டி. அதில்தான் பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி கம்பெனி கேட்டுகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிறேன். சமைப்பதும் நான், ஓட்டுவதும் நான். வண்டி போனால் என் அடுப்பும் அணைந்த மாதிரிதான்.

மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல், பிஸ்டன் போச்சு, இன்ஜினை இறக்கணும் என்றார். என் வீட்டுக்காரர் அதோடு மனசு விட்டுவிட்டார். வண்டியைப் பழைய இரும்பு விலைக்குப் போடக் காயலாங்கடைக்காரரை வரச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் என்னிடம் சொன்னார். வந்ததே எனக்குக் கோபம்! வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நானே பானெட்டைத் தூக்கினேன்.

கை ஓரிடத்தில் நிற்கவில்லை. பெட்ரோல் குழாயைப் பிடுங்கினேன், பெட்ரோல் வந்தது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினேன், அதே உதறல். வாசலில் சோற்று அண்டா ஆறிக்கொண்டிருந்தது. தெருவில் எந்த லாரி சத்தம் கேட்டாலும் காயலாங்கடை வண்டியோ என்று எட்டிப் பார்த்தேன்.

கடைசியில் இன்ஜினை ஓடவிட்டு, கையில் காய்ந்த துணியைச் சுற்றிக்கொண்டு, இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். ஓரத்து ஒயரைப் பிடுங்கினால் இன்ஜின் நின்றுபோகப் பார்த்தது. நடுவிலிருந்த இரண்டைப் பிடுங்கினாலோ ஒரு மாற்றமும் இல்லை. அந்த இரண்டும் வேலையே செய்யவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுக் குனிந்தேன். ஒயரின் ரப்பர் தொப்பி மூடுகிற இடத்தில், பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், அழகாகச் சந்தனம், நடுவில் குங்குமம். நாலு பிளக்கிலும். ஒயரைக் கழற்றாமல் அங்கே பொட்டு வைக்க முடியாது.

“இன்னாய்யா, பூஜைக்கு இத்தயெல்லாம் கழட்டினியா?”

“வெளிய மட்டும் வெச்சா போதுமா? உள்ளதான ஓடுது” என்றார் என் வீட்டுக்காரர்.

நடு ஒயர் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கிடந்தன; திரும்ப மாட்டும்போது இடம் மாற்றிச் செருகியிருக்கிறார், பாவி மனுஷன். அடிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சரியாக மாட்டிச் சாவியைத் திருப்பினேன். உதறல் இல்லை, இருமல் இல்லை.

அதற்குள் காயலாங்கடை லாரி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

“சோத்துக்கு லேட்டாயிடுச்சிபா, எங்க வண்டி கெளம்பணும். உன் வண்டிய கொஞ்சம் ஓரம் கட்டு.”