கொலுப்படியில் எரெஷ்கிகல்

என் தங்கை ஒன்றும் பழைய பஞ்சாங்கம் இல்லை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் பெரிய பதவி. மகளிர் தினத்துக்கு மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள். அதனால்தான் அந்த நவராத்திரிக்கு அடையாறு வீட்டில் வைத்த கொலுவுக்கு 'உலகத்துப் பெண் தெய்வங்கள்' என்று தலைப்புக் கொடுத்திருந்தாள். "நீதானேக்கா ஹிஸ்டரி டீச்சர், யாரும் வெக்காத பொம்மையா ஒண்ணு கொண்டு வாயேன்" என்று போனில் கேட்டாள். என் கணவர் போய் ஒரு வருஷம் முடிந்திருந்த சமயம். அந்த ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் ஆசையாகக் கேட்டது அது ஒன்றுதான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு சரி என்றேன்.

சுமேரியர்களின் பாதாள ராணி எரெஷ்கிகல்தான் என் மனதுக்கு வந்தாள். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு நடைபாதைக் கடையில் சாதாரணப் பெண் பொம்மை ஒன்றை வாங்கி, தலைவிரி கோலமாகத் தெரியும்படி கறுப்புப் பெயின்ட் அடித்தேன். கதையில் அவள் உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. கொலுவில் அப்படி வைத்தால் ஃபிளாட்டே கூடிவிடும். சாம்பல் நிறத்தில் ஒரு புடவையைத் தீட்டிவிட்டேன்.

பொம்மையைப் பையில் வைத்துக்கொண்டு போகும்போது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வருகிற பெண்களுக்கெல்லாம் கொடுக்கிற மாதிரி என் கையிலும் அவள் வெற்றிலை பாக்கும் குங்குமமும் கொடுக்க வேண்டும். குங்குமத்துக்கு நான் ஏங்கிக் கிடக்கவில்லை, ஸ்டிக்கர் பொட்டு தினமும்தான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் என் கணவரின் பத்தாம் நாளன்று, சுமங்கலிகள் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இவள். கூடப் பிறந்தவள்! இப்போது அவளாகக் கொடுத்தால் அதை மறந்துவிடலாம் என்றிருந்தேன்.

தங்கை பொம்மையை வாங்கி அன்றே கீழ்ப்படி ஓரத்தில் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரச்சொன்னாள். போய்ப் பார்த்தால் என் எரெஷ்கிகலின் நெற்றியில் பெரிதாகக் குங்குமம். "எல்லாப் பொம்மைக்கும் தினம் நானே என் கையால வெச்சுடறேன்க்கா" என்றாள் தங்கை, பெருமையாக. சுண்டலுக்குத் தேங்காய் துருவ உள்ளே போய்விட்டாள்.

வந்திருந்த ஃபிளாட் பெண்கள் இவள் யார் என்று கேட்டார்கள். சொன்னேன். இவள் புருஷன் செத்துப்போகிறான். மேலுலகத்து ராணியான தங்கை இனான்னா, துக்கம் விசாரிக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு நகையும் நட்டுமாகப் பாதாளத்துக்கு வருகிறாள். வாசலுக்கு வாசல் எல்லாவற்றையும் கழற்றவைத்து, கடைசியில் அக்கா அவளைப் பிணமாக்கி ஆணியில் மாட்டிவிடுகிறாள். ஊரெல்லாம் தங்கை மீண்டு வந்ததைத்தான் பாடும். அங்கே அக்கா, 'ஐயோ என் வயிறே' என்று கதறிக்கொண்டு கிடந்தாளே, அதை யார் கேட்டார்கள்? தங்கையை மீட்க நக அழுக்கிலிருந்து உண்டாக்கப்பட்ட இரண்டு அற்ப ஜீவன்கள் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, 'ஐயோ உன் வயிறே' என்று கூடவே அழுதன. அவ்வளவுதான். அதற்கே மனம் இளகி, என்ன வேண்டுமோ கேளுங்கள் என்கிறாள். தங்கையின் உடம்பைக் கேட்டன. கொடுத்துவிட்டாள்.

"ஐயோ பாவம்" என்றார்கள் எல்லோரும். பக்கத்தில் இருந்த மாமி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

தங்கை குங்குமத் தட்டோடு வந்தாள். ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தவள் என் முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு தட்டு அந்த மாமியிடம் போய்விட்டது. மாமி ரவிக்கைத் துணியின் கலரை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தாள். தங்கை குனிந்து என் காதில், "தப்பா எடுத்துக்காதேக்கா, உனக்குச் சுண்டல் தனியா டப்பால போட்டு வெச்சிருக்கேன்" என்றாள்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. சுண்டலாம், டப்பாவாம்!

எல்லோரும் போகட்டும் என்று பொறுத்திருந்தேன். பிறகு கீழ்ப்படியைக் காட்டிச் சொன்னேன். "அவளுக்குத் தினம் குங்குமம் வெக்கறியே, அவளும் புருஷனைப் பறிகொடுத்தவதான்டி. தெரியுமோ?"

தங்கையின் முகம் மாறியது. தட்டைக் கீழே வைத்தாள். இதோ வந்து என் கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறாள், அழுதால் நானும் அழுதுவிடலாம் என்று காத்திருந்தேன்.

"ஐயையோ! முன்னாடியே சொல்லப்படாதாக்கா?" என்று பதறிப்போய் உள்ளே ஓடினாள். ஈரத் துணியோடு வந்து பொம்மையின் நெற்றியை அழுந்தத் துடைத்தாள். குங்குமத்தோடு நான் அடித்த பெயின்ட்டும் கொஞ்சம் உரிந்து வந்துவிட்டது.